‘ஓட்டுவேனுங்க’ என்று சொன்ன பிள்ளை

அன்று எங்கள் பள்ளி மேடையில் உனக்குப் பொன்னாடை போர்த்தியபோது, உன் காதருகே குனிந்து நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: “எறங்கு சாமி, ஊட்டுக்குப் போலாம்.” சொல்லவில்லை. “போட்டோவுக்குப் பாருங்க டீச்சர்” என்றார்கள், பார்த்தேன். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அதற்குக் கீழே ‘கிராமப்புற ஆசிரியை’ என்று போட்டிருக்கிறது. உன் அம்மா என்று போடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் படத்தில் யாருடைய அம்மாவாகவும் இருக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது ஆட்டையாம்பட்டிப் பக்கம் இன்னொரு பள்ளியில் கம்ப்யூட்டர் அறை திறப்பு விழா என்று அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறாய். “இந்தத் தடவை பக்காவா பண்றோம், நீயே வந்து பாரும்மா” என்று கீழே ஒரு வரி. விழா முடிந்த கையோடு கம்பெனி உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. எப்போது திரும்புவாய் என்று உனக்கே தெரியவில்லை. விழாவுக்கு நான் வரமாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால், பாதியில் “ஒரு நிமிஷம்மா, இன்னொரு கால் வருது” என்பாய். அதனால் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. உன்னைப் போன்ற பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் மேடை ஏறுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்கிறார்கள். வயதானவள் புலம்புகிறாள் என்று நீ இதை ஒதுக்கவும் முடியாது. பஸ்ஸில் நம்மை அக்கா தம்பியா என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வளவு சின்ன வயதில் உன்னைப் பெற்றேன். உன்னைவிட நான் அதிகம் படிக்கிறேன், குறைவாகப் பேசுகிறேன். நமக்குள் வித்தியாசம் அதுதான்.

கம்ப்யூட்டர் வருகிறது என்றபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். வெண்ணந்தூரை ஒட்டிய எங்கள் ஊராட்சிப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. தறிக்கூடத்துப் பிள்ளைகளும் காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும்தான் அங்கே படிப்பது. அவர்களுக்குப் பத்து கம்ப்யூட்டர் என்றால் சும்மாவா? ஆனால் கம்ப்யூட்டருக்கு முன்னால் உன் பேனர் வந்தது. அதில் பள்ளியின் பெயரைவிட உன் மேலதிகாரியின் மூக்கு பெரிதாக இருந்தது. அதற்கு அடுத்த நாள், விழாவன்று காலையில், உன் கம்பெனியின் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று நிறம் பார்த்து, உயரம் பார்த்து அடுக்கினாள். கீபோர்டுகளின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. “கை வெச்ச மாதிரி இருக்கணும், ஆனா அழுத்தக் கூடாது. சரியா செல்லங்களா?” என்றாள். பிள்ளைகள் விரலை உறைக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். நீங்கள் காபி குடித்துவிட்டு வந்தீர்கள். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளை இப்படி எதையும் கற்றுக்கொண்டதாக நான் படித்ததில்லை.

அப்புறம் உன் அதிகாரி மைக்கை மோனிஷாவின் முன்னால் நீட்டினார். எட்டாம் வகுப்பு. ஒல்லியான பிள்ளை, எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

“இத வெச்சு நீ என்னம்மா பண்ணப் போறே?”

“ஓட்டுவேனுங்க.”

“என்னது, லாரியா?” என்றார் அவர். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் அவர் வெளியூர்க்காரர், தெரியாமல் சிரித்தார் என்று விட்டிருப்பேன். ஆனால் மைக்கை நீ வாங்கினாய்.

“ஓட்டறது இல்ல பாப்பா, ஆபரேட் பண்றது. எங்க, சொல்லு பாப்போம்.”

“ஆப்ரேட்டு.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நீயும் சிரித்தாய். பிறகு உன் பேச்சில் அதையே தலைப்பாக்கிக்கொண்டாய். “ஓட்டறதுல இருந்து ஆபரேட் பண்றதுக்கு. இதாங்க நாங்க கொண்டு வர்ற மாற்றம்!” என்றாய். கைதட்டினார்கள். பெங்களூர் போனதும் தொலைந்துபோன அந்த ‘ங்க’ மேடையில் மட்டும் உனக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

அந்த வார்த்தை உனக்கு மறந்துவிட்டதா? இங்கே தறி ஓட்டுவார்கள், வண்டி ஓட்டுவார்கள், ரிக் ஓட்டுவார்கள். உன் அப்பா இந்த நிமிடமும் எங்கோ வடக்கே போர் போடும் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கடன் வாங்கியாவது குடும்பம் ஓட்டுவார்கள். தறியைப் பார்க்கிறவன் வேறு, துடைக்கிறவன் வேறு, ஓட்டுகிறவன் வேறு. ஓட்டுகிறவன் கையில் அது இருக்கிறது என்று அர்த்தம். ஓடினாலும் நின்றாலும் அவன் பொறுப்பு என்று அர்த்தம். மோனிஷா தெரியாமல் ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே பெரிய வார்த்தையை எடுத்து உங்கள் மைக்கில் வைத்தாள். நீங்கள் அவளுக்குக் கொடுத்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு அன்றே புரிந்தது: உறைக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு உட்காருவது.

நீ பார்க்காத ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். குடிதண்ணீர்க் குழாயடியில், பனியனுக்கு மேலே பஞ்சுத்தூசி ஒட்டியபடி ஒருவர் நின்றார். மோனிஷாவின் அப்பா செல்வராசு. விசைத்தறிக் கூலி. பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எட்டு முடிந்ததும் மகளைத் தறிக்கு அனுப்பிவிடுவதாக அவர் முடிவுகட்டியிருந்தார். நான் பலமுறை பேசியும் மசியவில்லை. கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் சற்று இறங்கி வந்தார். மகள் கம்ப்யூட்டர் ஓட்டுவாள் என்றால் மேலே படிக்கட்டும், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்று பார்க்கத்தான் வந்தார். அவரை நான் நல்லவராக்கிச் சொல்ல மாட்டேன். வீட்டில் இன்னொரு கை சம்பாதிக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அந்தக் காரணத்தை நீ மைக் வைத்துக் கொடுத்தாய்.

கூட்டம் கலைந்ததும் கேட்டருகே என்னிடம் வந்தார். “ஏனுங்க டீச்சர், புள்ள தப்பாச் சொல்லிப்போட்டாளா?”

“இல்லீங்க. சரியாத்தான் சொன்னா.”

“அப்பறம் எதுக்குங்க உங்க பையன் சிரிச்சுது?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார். “பெரிய பரிச்ச வரைக்கும் பாக்கறனுங்க. இந்தப் புள்ள அத ஓட்டறத என்ற கண்ணுல பாத்தா ஒம்பதாவது போவட்டும். இல்லீனா தறிதானுங்க. சும்மா சிரிப்பாச் சிரிக்கறதுக்கு எதுக்குங்க படிப்பு?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு யார் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறாயா? உன் பேட்டியில் ‘சுயமாகக் கற்றேன்’ என்று இருந்தது. அப்படி இல்லை. நீ மூன்றாவதோ நாலாவதோ படித்தபோது, அப்பாவின் வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எப்போது திரும்பும் என்று விசாரிக்க உன்னை இழுத்துக்கொண்டு திருச்செங்கோட்டில் அந்த ரிக் ஆபீசுக்குப் போவேன். முதலாளி வெற்றிலை மென்றுகொண்டே போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். மேசையில் மஞ்சளேறிப்போன ஒரு கம்ப்யூட்டர். நீ உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒருநாள் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, “உக்காரு சாமி, ஓட்டு” என்றார். நீ எதையோ தட்டினாய். அவர் காலையில் அடித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. நான் உன் முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கினேன். அவர், “உடுங்க அம்மிணி. கிளீனரு பையன் வண்டி ஓட்டப் பழவறப்ப ரெண்டு வேலிய இடிக்காமயா பழவறான்? போனது போவுது, மறுக்கா அடிச்சுக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு எப்போது போனாலும் அந்த நாற்காலி உனக்குத்தான். நீ எத்தனையைக் கெடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. அவர் பெரிய தர்மவான் இல்லை. உன் அப்பாவிடம் அவர் வாங்கிய வேலையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் உன்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகத் தெரிந்திருந்தது அவருக்கு. அவர் சுவரில் பேனர் இல்லை.

நீ என்ன செய்தாய்? விழா முடிந்து காரில் ஏறும் முன் எங்கள் தலைமையாசிரியரின் தோளில் கை போட்டு, “சார், ஒரே கண்டிஷன். ஒண்ணு பழுதானாலும் பத்தையும் திருப்பி எடுத்துக்குவோம். அப்பத்தான் பொறுப்பு வரும்” என்றாய். உனக்கு அப்பா வயது அவருக்கு. உன்னை ‘சார், சார்’ என்று கார் கதவு வரை வந்து அனுப்பினார். பயந்த மனிதர்; அடுத்த நாளே அறைக்குப் பூட்டு வாங்கினார். பித்தளைப் பூட்டு. கதவில் கீபோர்டின் படத்தை ஒட்டினார். கம்ப்யூட்டர் பீரியடில் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து எழுத்துகளை ஒப்பித்தார்கள். மாதம் ஒருமுறை உன் கம்பெனிக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்பதால் அன்றைக்கு மட்டும் கதவு திறக்கும். விரலை அந்தரத்தில் வைப்பார்கள், படம் எடுத்ததும் எழுந்துவிடுவார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நீ எனக்குப் போனில் கைதட்டும் பொம்மை அனுப்பினாய். பிள்ளைகள் அதைவிடப் புத்திசாலிகள். “டீச்சர், இன்னைக்கு அந்தர நாளுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆண்டுப் பரீட்சை நெருங்கியதும் நான் சாவியைக் கேட்டேன்.

“அது நம்மளுது இல்லீங்க டீச்சர். நம்மள நம்பி உட்டுட்டுப் போயிருக்காங்க” என்றார் தலைமையாசிரியர்.

“பூட்டி வைக்கவா சார் குடுத்தாங்க?”

“பழுதானா ஆரு பதில் சொல்றது?”

“என்ற பையன் கம்பெனிதானுங்களே. நான் சொல்லிக்கறேன்.”

அவர் சாவியை மேசையில் என் பக்கம் தள்ளிவிட்டார். உன் பதவியால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்தச் சாவிதான்.

எனக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. அதனால் கற்றுக்கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்தெறிந்தோம், சுவிட்சைப் போட்டோம், நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தகம் படித்தேன். உள்ளே ஒரே சந்தைக்கடைச் சத்தம். “ஏய், அதத் தட்டாத புள்ள!” “நீ தட்டுனப்ப நான் சொன்னனா?” “டீச்சர், இவன் என்ற பேர அழிச்சுப்போட்டானுங்க!” “அழிஞ்சா மறுக்கா அடி,” என்று நான் வாசலிலிருந்தே சொல்வேன். அது ரிக் முதலாளியிடம் வாங்கிய வாக்கியம். மோனிஷா தன் பெயரின் முதல் எழுத்தை ஆணி அடிப்பது போல அடிப்பாள். அந்தக் கட்டை லேசாக உள்ளே போய்விட்டது. ஆட்டையாம்பட்டியில் ‘புத்தம் புதிய கம்ப்யூட்டர்கள்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறாயே, ஒவ்வொன்றிலும் ‘எம்’ எழுத்தைத் தட்டிப் பார். ஒன்றில் அந்தக் கட்டை உள்ளே போயிருக்கும். அது எங்கள் பிள்ளை அடித்தது.

செல்வராசுவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றார். மோனிஷா அப்பாவின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தாள், தப்பு வந்தது, அழித்தாள், மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகிவிட்டது. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. கீழே ஆங்கிலத்தில் ஏதோ வரி.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தாள். தறிக்கூடத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். தறியில் நூல் அறுந்தால், என்ன ஏது என்று பார்ப்பதற்கு முன்னால் தறியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் துணி போச்சு. நடக்கத் தெரிந்ததிலிருந்து அவள் பார்த்தது அது. அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். கறுப்பாகவே இருந்தது.

“என்ன புள்ள பண்ணுன?” என்றார் செல்வராசு.

“என்னமோ தப்பா வந்துச்சுப்பா. நிறுத்திப்போட்டேன்.”

முடிந்தது, இவர் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா டீச்சர்? தப்பு வந்தொடனே நிறுத்திப்போட்டா. வேற புள்ளைன்னா பேன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கும். ஓட்டத் தெரிஞ்சவதானுங்க நிறுத்துவா.”

அவர் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். நிறுத்தியதால்தான் கெட்டது; அந்த ஆங்கில வரியை நான் படித்து முடிப்பதற்குள் அவள் அணைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன் மேடையில் மூடிக்கொண்டது போல இல்லை. இந்த முறை தெரிந்தே மூடிக்கொண்டேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர், “என்ற புள்ள ஓட்டுன ஓட்டுல ஒரு கம்ப்யூட்டரே படுத்துக்கிச்சு!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஓடுகிற இயந்திரம்தான் பழுதாகும், பூட்டி வைத்தது பழுதாகாது. அவருடைய கணக்கு அவ்வளவுதான். பழுதானதையே அவர் மகளுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

உனக்குப் போன் செய்தேன். நீ பதறவே இல்லை. “அது ஒண்ணுமில்லம்மா, அப்டேட் ஆயிட்டு இருந்திருக்கும். திரும்ப எல்லாத்தையும் ஏத்தினா சரியாயிடும். அரை மணி நேர வேலை.”

“அப்ப வந்து ஏத்திக் குடு சாமி.”

“நான் எப்படிம்மா வர்றது? கண்டிஷன் போட்டதே நான். நானே மீறினா மத்த ஸ்கூல்ல யாரு மதிப்பாங்க? அதுசரி, யாரு ஆஃப் பண்ணது? ஆஃப் பண்ணாதீங்கன்னு அதுலயே எழுதியிருக்குமே.”

“இங்கிலீசுல எழுதியிருந்துச்சு.”

உனக்கு இன்னொரு கால் வந்தது.

அந்த ஒரு வரியைத் தமிழில் வைக்க வழி உண்டு என்று பிற்பாடு நானே தேடித் தெரிந்துகொண்டேன். உனக்கு அது தெரியாதா? தெரியும். தோன்றவில்லை. பேனரில் தமிழ் போட்டாய், பேச்சில் ‘ங்க’ போட்டாய். பிள்ளைகள் முகம் பார்த்து நிற்கும் திரையில் மட்டும் அவர்களுக்குப் புரியாத ஒன்றை வைத்துவிட்டு, பொறுப்பை அவர்களிடமே கேட்டாய். உன்னை நான் கெட்டவன் என்று நினைக்கவில்லை. கெட்டவனாக இருந்தால்கூட ஏதோ ஒரு லாபத்துக்காகச் செய்தான் என்று புரிந்துகொள்வேன். நீ இதையெல்லாம் நல்லது என்று நம்பிச் செய்கிறாய். எனக்கு மரியாதை போவது அங்கேதான்.

நீ போகும் ஊரில் உன் இங்கிலீசைக் கேட்டு யாராவது ஒருவன் சிரிப்பான். உன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கித் திருத்திக் கையில் கொடுப்பான், நீயும் திருப்பிச் சொல்வாய். அப்போது எனக்குப் போன் செய்ய வேண்டாம். மோனிஷாவின் முகத்தை நினைத்துக்கொள். அதற்கு முன்னால் ஆட்டையாம்பட்டியில் உனக்கு ஒரு காலைப்பொழுது இருக்கிறது. பேனர் கட்டுகிற ஆட்கள் வருவதற்குள் போய், உறைகளை நீயே கிழித்துப் போடு. திரையில் வருவதைத் தமிழுக்கு மாற்று. கண்டிஷன் எதுவும் சொல்லாதே. சாவியை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, “ஓட்டு சாமி” என்று சொல்லிவிட்டு வெளியே வா. உன்னால் முடியாது என்றுதான் நினைக்கிறேன். முடிந்தால் எனக்குச் சொல்லவும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. மே மாதம் ஒரு வேன் வந்தது. நீ அனுப்பிய இரண்டு பேர் பத்தையும் ஏற்றினார்கள், பிளாஸ்டிக் உறைகள் எங்கே என்று கேட்டார்கள். நீ வரவில்லை. அந்த அறையில் இப்போது சத்துணவு அரிசி மூட்டைகள் இருக்கின்றன. ஜூன் மாதம் மோனிஷா வெண்ணந்தூரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள்.